மறதி நோயைப் புரிந்துகொள்வோம் – ஒரு மாட்டுப்பெண்ணின் அனுபவம்

(உலக அல்சைமர் தினத்தை ஒட்டி நமது சபையின் திருவனந்தபுரம் கிளையில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)

 

நான் டாக்டர் இல்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் 32 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். என் மாமியாருக்கு அல்சைமர் வியாதி வந்து, கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள். அந்த ஒரு தகுதியில்தான் காரியதரிசி என்னைப் பேசச் சொன்னார். முதலில் மாட்டேன் என்றேன். ஆத்து விஷயத்தை, அதுவும் மாமியாரைப் பற்றி, மேடையில் சொல்வது சரியா என்று யோசித்தேன். என் ஆத்துக்காரர்தான், "சொல்லு. நாம ரெண்டு வருஷம் சொல்லாம இருந்துதானே கஷ்டப்பட்டோம்" என்றார். மைத்துனரும் நாத்தனாரும் சம்மதித்தார்கள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன். நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

2005 டிசம்பரில் "தன்மாத்ரா" என்று ஒரு மலையாளப் படம் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிளெஸ்ஸி டைரக்ட் செய்தது. மோகன்லால் நம் ஊர் செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் ரமேசன் நாயராக வருவார். ஆபீஸ் ஃபைலைக் கொண்டுபோய் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மறந்து குழந்தை மாதிரி ஆகிவிடுவார். நானும் என் மாமியாரும் சேர்ந்துதான் அந்தப் படத்தைப் பார்த்தோம். ரெண்டு பேரும் அழுதோம். வரும் வழியில் அம்மா – நான் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன் – "பாவம்டி அந்தப் பொண்டாட்டி" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

சினிமாவில் மூன்று மணி நேரத்தில் புரிந்த வியாதி, ஏழு வருஷம் கழித்து எங்கள் ஆத்துக்குள்ளேயே வந்தபோது எங்களுக்குப் புரியவில்லை. அதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அம்மா பிறந்தது நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில். 1954-ல், 18 வயதில், கல்யாணமாகி இங்கே கோட்டைக்குள் வந்தவர். ஓலன், எரிசேரி, சக்கைப் பிரதமன் எல்லாம் கண்ணளவில் போட்டுச் செய்வார். உப்புப் பார்க்கக்கூட மாட்டார். தினமும் விடியற்காலையில் பத்மநாபஸ்வாமியைச் சேவித்துவிட்டு வந்துதான் காபி. வாசலில் அவர் போடும் புள்ளிக் கோலத்தைத் தெருவே நின்று பார்க்கும்.

2012-ல் அந்தக் கோலம்தான் முதலில் தப்பியது. புள்ளி வைப்பார். இழுக்க ஆரம்பித்து நடுவில் நின்றுவிடுவார். அப்புறம் தண்ணீர் தெளித்து அழித்துவிட்டு, நாலு கோடு இழுத்துவிட்டு உள்ளே வருவார். "முழங்கால் வலிடி" என்பார். நானும் நம்பினேன். ரசத்தில் ரெண்டு தரம் உப்பு விழுந்தது. "கண் சரியாத் தெரியலை" என்றார். அதையும் நம்பினேன். "பால் வாங்கியாச்சா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டார். மாமனார் 2009-ல் போனதிலிருந்து மனசு சரியில்லை என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். இந்த ஊரில் வயசானவர்கள் இப்படி ஆனால் "சின்னன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். குழந்தைத்தனம் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று அர்த்தம். அதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது என் பெண்ணுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாட்டிக்குப் புத்தி சுவாதீனம் இல்லை" என்று பேச்சு வந்தால் வரன் தட்டிப்போகுமே என்று பயந்தோம். பெண் பார்க்க வந்த அன்று அம்மாவை மாடி ரூமில் உட்கார வைத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொன்னோம். ஆத்துக்குப் பெரியவர், 58 வருஷம் அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர், அன்று மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். 2013-ல் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்த ஒரு வருஷம் வைத்தியம் இல்லாமல் போயிற்று.

கல்யாணம் முடிந்த கையோடு வந்தது வளையல் விவகாரம். லாக்கரிலிருந்து எடுத்த அம்மாவின் நாலு வளையலைக் காணோம். அம்மா மும்பைக்கு மைத்துனருக்குப் போன் போட்டு, "உன் மன்னி எடுத்துண்டுட்டா. எனக்குச் சாதமும் போடறதில்லை" என்று சொல்லிவிட்டார். மைத்துனர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவர் குரல் மாறிவிட்டது. நாத்தனார், "அம்மா என்னோட நன்னாத்தான் பேசறா. உங்காத்துலதான் என்னமோ பிரச்சினை" என்றாள். இது ஒரு விசித்திரம், கேட்டேளா? இந்த வியாதியின் ஆரம்பத்தில், போனில் பத்து நிமிஷம் பேசுவதற்கு ஒரு குறையும் தெரியாது. "சௌக்கியமா, குழந்தைகள் சௌக்கியமா, மழை உண்டா" என்று பழகிய பேச்சு பழகியபடியே வரும். போனை வைத்துவிட்டு, "யார்டி பேசினது?" என்று என்னிடம் கேட்பார். அது தூரத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூன்று மாதம் கழித்து வளையல் கிடைத்தது. கோலமாவு டப்பாவின் அடியில். அம்மா கோலம் போடுவதை விட்டிருந்ததால் யாரும் அதைத் திறக்கவில்லை. காணாமல் போன செய்தி அன்றைக்கே மும்பைக்குப் போயிற்று. கிடைத்த செய்தியை நான் ரோஷத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நான் அம்மாவிடம் நடந்துகொண்ட விதம்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. நான் டீச்சர் அல்லவா! அவரை எதிரில் உட்கார வைத்துப் பரீட்சை வைத்தேன். "இன்னிக்கு என்ன கிழமை? கார்த்தால என்ன பலகாரம் சாப்பிட்டேள்? இப்பத்தானே சொன்னேன், சொல்லுங்கோ பார்ப்போம்." ஞாபகப்படுத்தினால் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டேன். அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியலைடி, அடிக்காதே" என்றார். நான் ஒரு நாளும் கை ஓங்கியது கிடையாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

2014 மார்ச்சில் நான் ரிட்டயர் ஆனேன். ஜூன் மாதம் ஒரு நாள், கோவிலுக்குப் போன அம்மா ஒன்பது மணியாகியும் திரும்பவில்லை. கிழக்கே நடை, பத்மதீர்த்தக்கரை, பழவங்காடி எல்லா இடமும் ஓடினோம். பதினொன்றரை மணிக்கு ஓர் ஆட்டோக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். நாகர்கோவில் ரோட்டில், கரமனைப் பாலத்தில், செருப்பில்லாமல் வெயிலில் நடந்துகொண்டிருந்தாராம். எங்கே என்று கேட்டதற்கு, "வடிவீஸ்வரம். அப்பா தேடுவார்" என்றாராம். கோவில் நடையில் பார்த்த முகமாக இருந்ததால் அவர் கோட்டைக்குக் கொண்டு வந்தார். அன்று சாயங்காலமே ஒரு நியூராலஜிஸ்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம். அதற்கு ஒரு வருஷம் முன்பே ஒரு டாக்டரிடம் சொன்னபோது, "வயசாச்சே, அப்படித்தான் இருக்கும்" என்று டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். நாங்களும் அதைத்தான் கேட்க விரும்பினோம்.

நியூராலஜிஸ்ட் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். மறதி என்றாலே அல்சைமர் அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு, விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுவது – இவற்றாலும் மறதியும் குழப்பமும் வரும். இவற்றில் பலவற்றைச் சரி செய்யலாம். பி-12 பெரும்பாலும் மாமிச உணவு, முட்டை, பாலில்தான் உண்டு. நம்மைப் போன்ற சைவக்காரர்கள், அதிலும் பால், தயிரைக் குறைத்துவிட்ட வயசானவர்கள், அதை அவசியம் பார்த்துக்கொள்ள வேண்டும். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் வந்தால் அது வேறு விஷயம். மூத்திரத்தில் கிருமித் தொற்று, உடம்பில் சோடியம் குறைவு என்று ஏதாவது இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம் ஸ்கேன். ஒரு காகிதத்தில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். பன்னிரண்டு எண்களையும் அம்மா ஒரே பக்கத்தில் அடுக்கினார். அதைப் பார்த்ததும்தான் தப்பிய கோலம் எனக்குப் புரிந்தது. அது முழங்கால் வலி இல்லை.

டாக்டர் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி விளக்கினார். "டிமென்ஷியா" என்பது மூளையின் செயல்பாடு குறைந்துகொண்டே போகும் நிலைக்குப் பொதுப்பெயர். அதற்குக் காரணமான வியாதிகளில் முதன்மையானது அல்சைமர். நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு அதுதான் காரணம். ஜெர்மானிய டாக்டர் அலோய்ஸ் அல்சைமர், 1901-ல் பிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 51 வயதுப் பெண்மணி ஒருவரைக் கவனித்தார். புருஷன் பேரைக் கேட்டால் அந்த அம்மாள் தன் பேரையே சொல்வாராம். 1906-ல் அவர் இறந்தபின் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே சிக்கலான இழைகளும் தெரிந்தன. அந்த வருஷம் நவம்பரில் அதை ஒரு மருத்துவக் கூட்டத்தில் சொன்னார். 1910-ல் அவர் பேரையே வியாதிக்கு வைத்தார்கள்.

புதிய விஷயங்களைப் பதிய வைக்கும் மூளைப் பகுதிதான் பொதுவாக முதலில் பழுதாகிறது. நான் டீச்சர் என்று தெரிந்ததும் டாக்டர் சொன்ன உதாரணம் இது: "கரும்பலகையில் பழைய பாடம் பெயின்டால் எழுதியது, அது இன்னும் இருக்கிறது. இன்று நீங்கள் சாக்பீஸால் எழுதுவது, எழுதும்போதே உதிர்ந்து விடுகிறது. உதிர்ந்துபோனதைப் படி என்று சொல்லி என்ன பிரயோஜனம்?" நான் வைத்த பரீட்சைகளுக்கெல்லாம் அது பதில்.

வளையலைப் பற்றியும் கேட்டேன். "பத்திரப்படுத்த ஒளித்து வைப்பார்கள். ஒளித்தது மறந்துவிடும். பொருள் இல்லை என்பது மட்டும் தெரியும். நடுவில் உள்ள ஓட்டையை மூளை தானே ஒரு கதை கட்டி நிரப்பும். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்தான் திருடர். உங்களைச் சொன்னார் என்றால் நீங்கள்தான் கூடவே இருக்கிறீர்கள் என்று அர்த்தம்" என்றார். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் அன்று இறங்கிற்று. அம்மா என் பேரில் அபவாதம் சொல்லவில்லை. வியாதி சொல்லிற்று.

இது அபூர்வமான வியாதி என்று நினைக்க வேண்டாம். நம் ஸ்ரீ சித்திரா திருநாள் இன்ஸ்டிட்யூட் டாக்டர்கள் இந்தத் திருவனந்தபுரம் நகரத்திலேயே 55 வயதுக்கு மேற்பட்ட 2,466 பேரை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டதில், நூற்றுக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு டிமென்ஷியா இருந்தது. 2023-ல் வெளிவந்த அகில இந்திய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்கிறது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி கேரளத்தில் நூற்றில் 12 பேருக்கு மேல் 60 தாண்டியவர்கள். நம் சமூகத்திலோ பிள்ளைகள் ஓர் ஊரிலும் பெற்றோர் ஓர் ஊரிலும் இருப்பது சகஜமாகிவிட்டது. ஆகவே இது நம் எல்லோர் வாசலுக்கும் வரக்கூடிய விஷயம்.

இனி, எங்களுக்குப் பலன் தந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பரீட்சை வைப்பதை நிறுத்தினேன். "என்னைத் தெரியறதா?" என்று கேட்பதையும் நிறுத்தச் சொன்னேன். வருகிறவர்கள் எல்லோரும் அன்பாகக் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் தெரியாமல் முழிக்கும்போது அவர்கள் படும் அவமானம் நமக்குத் தெரிவதில்லை. "நான் இன்னாருடைய பிள்ளை, மும்பையிலேர்ந்து வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிட்டால் போயிற்று.

இரண்டாவது, வாதம் பண்ணுவதை விட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும் நேரம் வந்தால் அம்மாவுக்குப் பரபரப்பு ஆரம்பமாகும். "ஆத்துக்குப் போகணும்" என்பார். "இதுதான் நம்மாம்" என்று முதலில் நாங்கள் மல்லுக்கட்டினோம். அவர் கேட்டது வடிவீஸ்வரத்து ஆம். அந்த ஆமும் இல்லை, அந்த அப்பாவும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு தைரியம். "சரி, போகலாம் வாங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, நம் வாசலிலேயே வந்து நிற்பேன். "வந்துட்டோம்" என்பேன். "வந்துட்டோமா?" என்று சந்தோஷமாக உள்ளே வருவார். இது பொய்யல்லவா என்று என் ஆத்துக்காரர் கேட்டார். பயந்த குழந்தையிடம் நாம் பேசுகிற பேச்சு மாதிரிதான் என்று சொன்னேன்.

மூன்றாவது, குளியல். நாள் முழுக்க மடியாக இருந்தவர், குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். கட்டாயப்படுத்தினால் நகத்தால் பிறாண்டினார். தலையில் தண்ணீர் விழுவது அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது. "இன்னிக்கு ஏகாதசி, நடை சாத்திடுவா" என்றால் தானே எழுந்து வருவார். வெந்நீரை முதலில் காலில் விட்டு, அப்புறம் மேலே போனால் சத்தமில்லை. தலைக்கு வேறொரு நாள்.

நாலாவது, ஆபத்துகள். ராத்திரி கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். மாத்திரைகள் அவர் கைக்கு எட்டக் கூடாது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்க வேண்டும். பேரும் போன் நம்பரும் எழுதிய துணியைப் புடவைத் தலைப்பின் உட்பக்கம் தைத்து வைத்தேன். பக்கத்து ஆத்துக்காரர்கள், பூக்காரி, ஆட்டோ ஸ்டாண்டு எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். மறைத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் ரெண்டு பேர்தான் காவல். சொன்ன பிறகு தெருவே காவல்.

ஐந்தாவது, என்ன போயிற்று என்று பார்க்காமல் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. பிள்ளையின் பேர் மறந்த பிறகும் விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை நான் எடுத்துக் கொடுத்தால் அம்மா தங்குதடையில்லாமல் கூடச் சொல்வார். பழைய பாட்டைப் போட்டால் தொடையில் தாளம் வரும். அவரைக்காய் நார் எடுக்கக் கொடுத்தால் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். நாரும் காயும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதனால் என்ன?

ஆறாவது விஷயத்தை நம் சபையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2015-ல் எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, நான் தலைசுற்றி விழுந்தேன். அப்போதுதான் ஹோம் நர்ஸ் வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. "வேற ஜாதிப் பெண் அடுக்களைப் பக்கம் வரலாமா, மடி என்னாவது?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் ஒரு ராத்திரிகூட வந்து படுத்துக்கொள்ளவில்லை. கொல்லத்திலிருந்து வந்த அந்தப் பெண் நாலரை வருஷம் அம்மாவைத் தன் கையால் துடைத்து, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தாள். அம்மாவுக்கு என் பேர் மறந்தது. அவள் பேர் முதலிலிருந்தே தெரியாது. ஆனால் அவள் கையைத்தான் பிடித்துக்கொள்வார். உதவி வாசல் தேடி வரும்போது மடியைக் காரணம் காட்டித் தள்ளாதீர்கள்.

இப்போது மற்ற ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு. 2016 ஜனவரியில் மைத்துனரும் ஓர்ப்படியும் வந்து, "நாங்க பத்து நாள் பார்த்துக்கறோம், நீங்க பெங்களூருக்குப் பெண் ஆத்துக்குப் போயிட்டு வாங்கோ" என்றார்கள். மூன்றாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்தது. "மன்னி, ஒண்ணும் பயப்படாதீங்கோ. அம்மா சௌக்கியம்தான். தூங்கவே இல்லை. ஏழு தரம் வாசக்கதவைத் திறக்கப் போனா. என்னை யாருன்னு கேட்கறா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மன்னி, அந்த வளையல் விஷயம்..." என்றார். "கோலமாவு டப்பாவுல கிடைச்சுது" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அதன்பிறகு வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் மாதா மாதம் ஹோம் நர்ஸ் சம்பளத்தில் பாதி அனுப்பினாள். போனில் சொல்லும் யோசனையைவிட, வந்து தங்கும் பத்து நாள் பெரிசு. வர முடியாதவர்கள் செலவில் பங்கு எடுக்கலாம். பென்ஷன், இன்ஷூரன்ஸ், பேங்க் காரியங்களைக் கவனிக்கலாம். அதுவும் முடியாதவர்கள் கூட இருப்பவரை நம்பினாலே போதும். அது பணத்தைவிடப் பெரிய உதவி.

மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். இந்த வியாதியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும். 2023-ல் லெக்கானெமாபும் 2024-ல் டோனனெமாபும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும், வேகத்தைக் கொஞ்சம் குறைப்பதற்காக. மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் செய்து கவனிக்க வேண்டும். ஆகவே அற்புத மருந்து என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். வருமுன் காப்பதில் நம்பிக்கை அதிகம். காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உடற்பயிற்சி இல்லாமை, தனிமை உட்பட 14 காரணங்களைக் கவனித்தால் நூற்றுக்கு 45 பேருக்கு வியாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று "லான்செட்" பத்திரிகையின் குழு 2024-ல் சொல்லியிருக்கிறது. காது மெஷின் வைத்துக்கொள்ள வெட்கப்படும் மாமாக்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பணக் காரியத்தில் ஓர் எச்சரிக்கை. "பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கியாச்சு, கவலையில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 201-ஆவது பிரிவின்படி, கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துவிடும். அப்புறம் கோர்ட் மூலமாகக் கார்டியன் நியமனம்தான் வழி. ஆகவே உயில், நாமினேஷன், ஜாயின்ட் அக்கவுன்ட் எல்லாம் அவர்களுக்குப் புரிந்து கையெழுத்துப் போடக்கூடிய ஆரம்ப காலத்திலேயே, அவர்கள் இஷ்டப்படி, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்து நடக்க வேண்டும். எங்களுக்கு இது தெரியாததால் ரெண்டு வருஷம் அலைந்தோம்.

தனியாகப் போராட வேண்டாம். 1992-ல் டாக்டர் கே. ஜேக்கப் ராய் ஆரம்பித்த ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கம் நம் கேரளத்தில்தான் பிறந்தது. அவர் தகப்பனாருக்கும் இந்த வியாதி இருந்தது. இன்று பல நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் எங்களைத் தாங்கியது வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸுகள். கேரள அரசு 2008-லேயே அதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலின் பாலியம் இந்தியா இந்த ஊரில்தான் இருக்கிறது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, விழுங்க முடியாதபோது குழைந்த சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுப்பது, எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எதற்கு வேண்டாம் – எல்லாம் அந்த நர்ஸுகள் சொல்லிக் கொடுத்தது.

அம்மா 2020 ஜனவரியில், 84-ஆவது வயதில் போனார். கடைசி ஒரு வருஷம் பேச்சே இல்லை. அதற்கு முன்னால் ஒரு நாள், நான் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தபோது, என் முகத்தைத் தடவி, "நீ யாருடி? நன்னா பார்த்துக்கறே. உங்கம்மா குடுத்து வச்சவ" என்றார். மாட்டுப்பெண்ணாக வந்து 35 வருஷத்தில் எனக்குக் கிடைக்காத சர்டிபிகேட் அது. கொடுத்தவருக்கு அடுத்த நிமிஷம் ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

சபைக்கு என் விண்ணப்பம் மூன்று. நம் அங்கத்தினர் குடும்பங்களில் இப்படி யாராவது இருந்தால், வாரத்தில் ரெண்டு மணி நேரம் போய் உட்காரத் தயாராக உள்ளவர்களின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு கிளையிலும் இருக்கட்டும். அந்த ரெண்டு மணி நேரத்தில் ஒரு மாட்டுப்பெண் கோவிலுக்குப் போவாள், அல்லது நிம்மதியாகத் தூங்குவாள். விசேஷங்களுக்கு அழைக்கும்போது, "அவாளைக் கூட்டிண்டு வராதீங்கோ" என்று சொல்லாமல், ஒரு மூலையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். வரன் பார்க்கும்போது, பாட்டிக்கு மறதி நோய் என்று ஒரு குடும்பம் உண்மையைச் சொன்னால், அதைக் குறையாக எண்ணாமல், வயசானவர்களைக் கைவிடாத குடும்பம் என்று கணக்கில் வையுங்கள். அப்போது யாரும் தங்கள் தாயாரை மாடி ரூமில் உட்கார வைக்க மாட்டார்கள்.